டி.எஸ்.எச் நார்மல், ஃப்ரீ டி4 குறைவு: பிட்யூட்டரி காரணமாக இருக்குமா?

டி.எஸ்.எச் 1.9, ஃப்ரீ டி4 0.6 வந்திருக்கிறது, தைராய்டு நார்மல் என்று சொல்லிவிட்டார்கள், ஆனாலும் சோர்வு தீரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி காரணமாக இருக்கலாம். தள்ளிப்போடாமல் பார்த்துவிடுங்கள். நான் டாக்டர் இல்லை. பெங்களூர் அல்சூரில் இருக்கும் என் அக்காவுக்கு ஏறக்குறைய இதே ரிப்போர்ட் வந்ததால் எழுதுகிறேன்.

டி4 தைராய்டு சுரக்கும் ஹார்மோன். டி.எஸ்.எச் தைராய்டில் சுரப்பது இல்லை, தைராய்டை வேலை வாங்க பிட்யூட்டரி அனுப்புவது. கொத்தனார் கை தளர்ந்தால் மேஸ்திரி சத்தம் போடுவார் அல்லவா, அதுபோல டி4 குறைந்தால் டி.எஸ்.எச் ஏற வேண்டும். லேபுக்கு லேப் மாறினாலும் டி.எஸ்.எச் சுமார் 0.4 முதல் 4 வரை, ஃப்ரீ டி4 சுமார் 0.8 முதல் 1.8 வரை என்று வைத்துக்கொள்ளலாம். டி4 0.6-க்கு இறங்கிய பிறகும் டி.எஸ்.எச் 1.9-லேயே நிற்பதுதான் சந்தேகத்துக்குரியது.

அக்காவுக்குப் பல வருடம் டி.எஸ்.எச் மட்டும்தான் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் நார்மல். கடைசியில் ஒரு டாக்டர் ஃப்ரீ டி4 எழுதிக்கொடுத்தார். அந்த ஒரு வரி மட்டும் தடித்த எழுத்தில், பக்கத்தில் குறைவு என்று காட்டும் ‘எல்’ குறியோடு வந்தது. பிறகு பார்த்த எண்டோகிரைனாலஜிஸ்ட் (ஹார்மோன் டாக்டர்) கேட்ட முதல் கேள்வியே பிரசவத்தைப் பற்றித்தான். ரத்தம் நிறையப் போனதா? பால் சுரந்ததா? மாதவிலக்கு திரும்ப வந்ததா? அக்குள் முடி கொட்டியதா? இரண்டாவது பிரசவத்தில் அக்காவுக்கு ரத்தம் ஏற்றும் அளவுக்குப் போனது. அம்மா பூண்டும் சுறாப்புட்டும் செய்து கொடுத்துப் பார்த்தும் பால் வரவே இல்லை. அதற்கும் சோர்வுக்கும் முடிச்சுப் போட யாருக்கும் தோன்றவில்லை. கர்ப்பத்தில் பெரிதாகும் பிட்யூட்டரி, ரத்த ஓட்டம் ரொம்பக் குறைந்தால் செத்துப்போகக்கூடும். ஷீஹான் என்ற மருத்துவர் 1937-ல் விவரித்ததால் ஷீஹான் சிண்ட்ரோம் என்கிறார்கள். எம்.ஆர்.ஐ-யில் அக்காவுக்குச் சுரப்பி இருக்கும் குழி கிட்டத்தட்டக் காலியாக இருந்தது.

பிரசவம் மட்டுமே காரணம் இல்லை. பிட்யூட்டரி கட்டி, தலையில் அடி, ரேடியேஷன் என்று ஆண்களுக்கும் வரும். கட்டி என்றால் தலைவலி இருக்கலாம், பக்கவாட்டுப் பார்வை குறையலாம். அப்புறம், ஸ்டீராய்டு, சில வலிப்பு மாத்திரைகள், கடுமையான காய்ச்சல் போன்றவையும் இந்த எண்களைக் குழப்பும். அதனால் சாப்பிடும் மருந்தெல்லாம் டாக்டரிடம் சொல்லி டெஸ்ட்டை ஒருமுறை திரும்ப எடுங்கள்.

இதில் மிக முக்கியமானது, தைராக்ஸின் (டி4) மாத்திரையை நீங்களாகத் தொடங்காதீர்கள். முதலில் காலை 8 மணி வாக்கில் கார்டிசால் என்ற அட்ரினல் சுரப்பி ஹார்மோனைப் பார்க்க வேண்டும். பிட்யூட்டரி கெட்டால் கார்டிசாலும் குறைந்திருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் தைராக்ஸின் போட்டால் உயிருக்கே ஆபத்து. அக்காவுக்கு கார்டிசாலுக்குப் பதிலான ஹைட்ரோகார்டிசோன் கொடுத்த பிறகுதான் தைராக்ஸின் கொடுத்தார்கள். விடாத வாந்தி, மயக்கம், திடீர்த் தலைவலி, பார்வை மங்கல் எது வந்தாலும் அப்பாயிண்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் எமர்ஜென்சிக்குப் போய்விடுங்கள்.

பிட்யூட்டரிதான் என்று உறுதியானால், பிறகு டோஸைப் பார்ப்பது ஃப்ரீ டி4-ஐ வைத்துத்தான், டி.எஸ்.எச்-ஐ வைத்து இல்லை. மாத்திரை போட்ட பின் டி.எஸ்.எச் இன்னும் இறங்கும். விவரம் தெரியாத வேறு டாக்டர் அதைப் பார்த்து டோஸைக் குறைத்துவிடக்கூடும். அதனால் அக்கா ஃபைலின் முதல் பக்கத்திலேயே ‘பிட்யூட்டரி பிரச்சினை, டி.எஸ்.எச் பார்க்க வேண்டாம்’ என்று பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறாள்.