கறுத்த கத்தியைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள்

பழைய இரும்புக் கத்தி, அரிவாள்மனை பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

பாட்டியின் அரிவாள்மனை பரணில் கிடந்தது. அலகு முழுக்கக் கறுப்பு, அங்கங்கே செந்துரு. தேறுமா அண்ணா?

தாராளமாகத் தேறும். ஆனால் கறுப்பும் துருவும் ஒன்றல்ல. செந்துரு விரலில் ஒட்டும், உதிரும், அடியில் குழி பறிக்கும். கறுப்போ, வெங்காயமும் மாங்காயும் வருடக்கணக்கில் நறுக்கியதில் இரும்பின் மேல் படிந்த மெல்லிய படலம். துரு ஏறுவதை அது ஓரளவு தடுக்கும். அதைச் சுரண்டிப் பளபளப்பாக்கினால், அடுத்த மழைக்கே மறுபடி துருப்பிடிக்கும்.

செந்துரு உள்ள இடத்தில் மட்டும் வினிகரில் நனைத்த துணியை அரை மணி நேரம் சுற்றி வைத்துவிட்டு, ஸ்க்ரப்பரால் தேய்த்து எடுங்கள். அப்புறம் சோடா உப்புக் கரைத்த தண்ணீரில் கழுவி, உடனே துடைத்துவிட வேண்டும். இரவு முழுக்க ஊறப்போடாதீர்கள். அமிலம் துருவோடு நிற்காது, எஃகையும் அரிக்கும். நான் ஒருமுறை போட்டுவிட்டுத் தூங்கிப்போனேன். காலையில் அலகு உப்புத்தாள் மாதிரி சொரசொரத்தது.

வாழைப்பூ நறுக்கினால் கத்தி, பூ, விரல் எல்லாமே கறுக்கிறது. உடம்புக்குக் கெடுதலா?

இல்லை. பூவிலுள்ள துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்புதான் வரும். கடுக்காயையும் அன்னபேதி என்ற இரும்பு உப்பையும் சேர்த்து மை காய்ச்சினார்களே, அதே சங்கதி. வாழைப்பூ, வாழைக்காய்க்கு மட்டும் எவர்சில்வர் கத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். இதில் வீம்பு வேண்டாம்.

காந்தம் ஒட்டினால் கார்பன் ஸ்டீல், அதாவது துருப்பிடிக்கிற சாதா எஃகுதானே?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். எவர்சில்வர் கத்திகளிலும் பெரும்பாலும் காந்தம் ஒட்டும். எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டுப் பத்து நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். சாம்பல் நிறக் கறை விழுந்திருந்தால் கார்பன். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துருப்பிடிக்காத எஃகை உருக்கியது 1913-இல். அதற்கு முந்தைய கத்தி என்று உறுதியாகத் தெரிந்தால் இந்தச் சோதனையே வேண்டாம்.

பாண்டிச்சேரியில் பழைய சாமான் கடையில் "சபாத்தியே" என்று பொறித்த கத்தி கிடைத்தது. அசல் கம்பெனிதானா?

அது ஒரே கம்பெனியின் பெயர் இல்லை. பிரான்சில் கத்திக்குப் பேர்போன தியேர் ஊரில் பல பட்டறைகள் அந்தப் பெயரைப் பொறித்தன. கூடவே யானை, நட்சத்திரம், எழுத்து என்று ஏதாவது அடையாளம் இருக்கிறதா பாருங்கள். பட்டறையைச் சொல்வது அதுதான். பெயரை மட்டும் நம்பிக் காசைக் கொட்ட வேண்டாம்.

தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் பக்கத்திலேயே நில்லுங்கள். சக்கரத்தில் அழுத்திப் பிடித்தால் கூர் சூடேறும். விளிம்பு நீலம் பாரித்தால் சூடு 300 டிகிரி செல்சியஸை எட்டிவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்தில் எஃகின் பதம் போய்விடும், பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. அடிக்கடி தண்ணீரில் தோய்த்துப் பிடிப்பவர் என்றால் கவலையில்லை.

வீட்டிலேயே தீட்டுவது இன்னும் நல்லது. நடுத்தரச் சொரசொரப்புள்ள 1000 எண் தீட்டுகல் ஒன்று போதும். கத்தியின் முதுகைச் சுண்டுவிரல் கனத்துக்குத் தூக்கிப் பிடித்தால் ஏறக்குறைய 15 டிகிரி வரும். மறுபக்க விளிம்பில் பிசிர் தட்டுப்படும்வரை தேய்த்து, பிறகு திருப்புங்கள். பழைய கார்பன் எஃகு கல்லில் சீக்கிரம் கரையும், அதனால் கூரும் சீக்கிரம் ஏறும். அரிவாள்மனைக்குச் சின்னக் கல்லைக் கையில் எடுத்து அலகின் மேல் ஓட்ட வேண்டும்.

எந்த எண்ணெய் தடவலாம் ஐயா?

தினமும் புழங்கும் கத்திக்கு எண்ணெயே வேண்டாம், ஈரம் போகத் துடைத்தால் சரி. பரணில் ஏற்றப்போகிறீர்கள் என்றால் தேங்காய் எண்ணெய் லேசாகத் தடவுங்கள். நல்லெண்ணெய் நாளடைவில் பிசுபிசுக்கும். செய்தித்தாளில் சுற்றி வைக்காதீர்கள், ஈரத்தை இழுக்கும்.

எங்கள் வீட்டில் என் கத்தியை வேறு யாரும் தொடக்கூடாது என்பது சட்டம். கேட்பாரில்லை. நேற்றுகூடத் தொட்டியில் பாத்திரங்களுக்கு அடியிலிருந்துதான் எடுத்தேன்.