கரை தொடாத நாளில் என்ன செய்வது? வாசகர் கேள்விகளும் பழைய கப்பல் ஊழியரின் பதில்களும்

கேள்வி: மகளும் மருமகனும் என்னைச் சொகுசுக் கப்பலில் அழைத்துப் போகிறார்கள். நடுவில் ஒரு நாள் முழுக்க எந்தத் துறைமுகத்திலும் நிற்காதாம். விடிந்தது முதல் பொழுது சாயும்வரை தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? எனக்கு நீச்சலும் தெரியாது, சீட்டாட்டமும் தெரியாது.
(ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்)

பதில்: டீச்சர், அந்த ஒரு நாளுக்காகவே டிக்கெட் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். துறைமுக நாளில் வரிசை, பஸ், வழிகாட்டியின் கொடிக்குப் பின்னால் ஓட்டம். நேரத்துக்குத் திரும்பாவிட்டால் கப்பல் கிளம்பிவிடுமே என்ற பதைப்பு வேறு. கடல் நாளில் இதெல்லாம் கிடையாது.

பயணிகள் கப்பலில் அறைப் பராமரிப்பு வேலை பார்த்தவன் நான். மறுநாளைய நிகழ்ச்சித் தாளை முந்தின இரவே அறையில் வைத்துவிட்டு வருவோம். (இப்போது பெரும்பாலும் போன் செயலியில் வந்துவிடுகிறது.) காலையில் படுக்கை விரிக்கப் போனால் தாளெல்லாம் பேனா வட்டம்! யோகா, வினாடி வினா, சமையல் செய்முறை, நடன வகுப்பு, ஏலம் என்று ஒன்று விடாமல் ஓடுவார்கள். சாயங்காலம் அவர்கள் முகத்தைப் பார்த்தால் அலுவலகத்திலிருந்து திரும்பியவர்கள்போல இருக்கும். நீங்கள் இரண்டு வட்டத்துக்கு மேல் போடாதீர்கள்.

அன்று எல்லோரும் தாமதமாக எழுவதால் ஒன்பது, பத்து மணிக்குச் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டோடு இடம் தேட வேண்டியிருக்கும். ஆசிரியைக்கு அதிகாலை எழுவது புதிதா என்ன? முதல் ஆளாகப் போய் ஜன்னலோரம் உட்காருங்கள். பிறகு உயிர்காப்புப் படகுகள் தொங்குகிற தளத்துக்கு இறங்குங்கள். நீச்சல் குளத்துப் பாட்டுச் சத்தம் அங்கே எட்டாது. பல கப்பல்களில் படகுகளே நிழல் தரும். கப்பல் தெற்கே போகிறதென்றால் காலையில் வெயில் இடப்பக்கம் அடிக்கும். வலப்பக்கம் நாற்காலி பிடியுங்கள். மத்தியானத்துக்குப் பிறகு இடம் மாறிக்கொள்ளுங்கள். வடக்கே போனால் இதற்கு நேர்மாறு. காற்று வீசுவதால் வெயில் உறைக்காது. ஆனால் இரவில் தோல் எரியும்போது தெரியும். தொப்பிக்குக் கயிறு வேண்டும். காற்றே இல்லாத நாளிலும், 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) வேகத்தில் போகிற கப்பலின் மேல்தளத்தில் மணிக்கு 37 கிலோமீட்டர் காற்று முகத்தில் அடிக்கும்.

பல கப்பல்களில் நண்பகலில் கேப்டன் ஒலிபெருக்கியில் பேசுவார். எங்கே இருக்கிறோம், என்ன வேகம், அடியில் எத்தனை ஆயிரம் மீட்டர் ஆழம் என்று சொல்வார். பலரும் காதில் வாங்குவதில்லை. நீங்கள் கவனித்துக் கேளுங்கள். அதன்பிறகு அதே தண்ணீரைப் பார்க்கிற பார்வையே வேறாகிவிடும். வெப்பக் கடலென்றால் முன்பக்கம் போய்க் கீழே பாருங்கள். கப்பல் கிழிக்கிற அலைக்கு மிரண்டு பறக்கும் மீன்கள் கூட்டமாக எழும்பும். அவற்றைப் பிடிக்கவே சில கடல்பறவைகள் கப்பலோடு கூட வரும். என் உணவு இடைவேளைகள் பல இதிலேயே கழிந்தன.

இரவில் முன்பக்கத் திறந்த தளத்துக்குப் போக அனுமதி இருந்தால் கட்டாயம் போங்கள். கப்பலை ஓட்டுகிறவர்களின் கண்கள் இருட்டுக்குப் பழகியிருக்க வேண்டும் என்பதால் அந்தப் பக்கம் விளக்கைக் குறைத்திருப்பார்கள். நட்சத்திரம் பார்க்கக் கப்பலில் அதைவிட நல்ல இடம் இல்லை.

கேள்வி: கணவருக்கு பஸ்ஸில் போனாலே தலைசுற்றும். நாள் முழுக்கக் கடலில் தாங்குவாரா?

பதில்: அறை எடுக்கும்போதே கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேளுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. உயரத்தில், முன்முனையில் கிடைக்கிற அழகான அறை அவருக்கு வேண்டாம். பெரிய கப்பல்களில் தண்ணீருக்குள் துடுப்புபோல நீட்டிக்கொள்ளும் நிலைப்படுத்திகள் உண்டு. அவை பக்கவாட்டு ஆட்டத்தைத்தான் அடக்கும்; முன்னும் பின்னும் தூக்கிப்போடுவதை அவ்வளவாகத் தடுக்காது. உடம்பின் சமநிலையை உணரும் உள்காது, ‘ஆடுகிறது’ என்கிறது; அறைக்குள் இருக்கும் கண், ‘ஆடவில்லை’ என்கிறது. இந்தத் தகராறுதான் குமட்டல். அதனால் வெளியே வந்து தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். புத்தகமும் போனும் அப்போது கூடாது. வெறும் வயிறும் ஆகாது, முட்டச் சாப்பிடுவதும் ஆகாது. மாத்திரையை வாந்தி வந்தபின் போட்டுப் பெரிய பயனில்லை. கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: மேல்தளத்திலிருந்து எவ்வளவு தூரம் தெரியும்?

பதில்: கடற்கரையில் நிற்பவருக்குத் தொடுவானம் ஏறக்குறைய 5 கிலோமீட்டர்தான். 30 மீட்டர் உயரத் தளத்திலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர். எதிரே வரும் கப்பலின் உச்சி முதலில் எழும்பும், உடம்பு பிறகுதான். பைனாகுலர் இருந்தால் பேரப்பிள்ளைகளை ஒரு மணி நேரம் இதிலேயே உட்கார வைக்கலாம்.

கேள்வி: விடியற்காலையிலேயே துண்டு போட்டு நீச்சல் குளத்து நாற்காலிகளைப் பிடித்துவிடுகிறார்களாமே. துண்டை எடுத்துப் போட்டுவிட்டு உட்காரலாமா?

பதில்: நீங்களாகத் தொடாதீர்கள், சண்டை வரும். குளத்து ஊழியரிடம் சொல்லுங்கள். ஆள் இல்லாமல் குறிப்பிட்ட நேரம் கிடக்கும் துண்டை எடுத்துவிடும் விதி பல கப்பல்களில் உண்டு. நாங்கள் மடித்து வைத்த துண்டுகளுக்கு உரிமையாளர்கள் வந்து கத்தியதையும் கேட்டிருக்கிறேன். என்னைக் கேட்டால், கடல் நாளில் அந்தக் குளத்தைச் சுற்றி இடம் பிடிக்கிற அளவுக்கு அங்கே ஒன்றும் இல்லை.

கேள்வி: நடுக்கடலில் போன் வேலை செய்யுமா?

பதில்: செய்யும், அதுதான் ஆபத்து. கரை மறைந்ததும் கப்பலின் செயற்கைக்கோள் வழி மொபைல் நெட்வொர்க்கில் உங்கள் போன் தானாகவே ஒட்டிக்கொள்ளலாம். அதன் கட்டணம் சாதாரண ரோமிங்கைவிடப் பல மடங்கு. கப்பல் ஏறியதும் விமானப் பயன்முறைக்கு மாற்றிவிட்டு, தேவைப்பட்டால் வைஃபையை மட்டும் திறந்துகொள்ளுங்கள். கப்பல் நேர மண்டலம் தாண்டும் பயணங்களில், கடல் நாள் இரவுகளில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னோ பின்னோ நகர்த்துவது வழக்கம். விமானப் பயன்முறையில் உள்ள போன் தானாக மாறாமல் போகலாம். அறைத் தொலைபேசியில் காட்டும் நேரத்தைப் பார்த்தே மறுநாள் துறைமுகத்தில் இறங்குங்கள்.