தோள்பட்டை வலி: வீடியோவில் பிசியோதெரபி போதுமா?

கேள்வி: மேடம், எனக்கு 54 வயசு, சர்க்கரை இருக்கு. தோள் இறுகிப்போய் தலை பின்னக் கை எட்டல. கிளினிக் ரொம்பத் தூரம். வீடியோ கால்லயே பார்த்துக்கலாமா?

பதில்: அம்மா, ஃப்ரோசன் ஷோல்டராக (தோள் மூட்டு இறுகிப்போவது) இருக்கலாம், சர்க்கரை உள்ளவர்களுக்கு அது அதிகம் வரும். முதல் தடவை மட்டும் சிரமம் பார்க்காமல் நேரில் போய்விடுங்கள். நீங்களாகக் கையை எவ்வளவு தூக்குகிறீர்கள் என்பது கேமராவில் தெரியும். நீங்கள் கையைத் தளர்த்திவிட்டு நான் தூக்கும்போதும் அதே இடத்தில் முட்டுகிறதா என்பது கைவைத்துப் பார்த்தால்தான் சரியாகத் தெரியும். அப்போதும் முட்டினால் மூட்டே இறுகியிருக்கிறது. நான் தூக்கினால் மேலே போகிறது, நீங்கள் தூக்கினால் போகவில்லை என்றால் தசைநார் மேல் சந்தேகம். எக்ஸ்ரேயும் வேண்டும், மூட்டுத் தேய்மானமும் இப்படித்தான் இறுகும். இதெல்லாம் தெளிவானபின் பயிற்சிகளை வீடியோவிலேயே தாராளமாகத் தொடரலாம். இது குணமாக ஒன்றிலிருந்து மூன்று வருடம்கூட ஆகலாம். அத்தனை நாளும் பஸ் ஏறி அலைய வேண்டியதில்லை.

கேள்வி: நேர்ல போனாதான் குணமாகும்னு வீட்ல சொல்றாங்களே?

பதில்: இங்கிலாந்தில் நடந்த ‘கிராஸ்ப்’ ஆய்வு 2021இல் லான்செட் இதழில் வந்தது. தோள் மூட்டைச் சுற்றிப் பிடித்திருக்கும் சுழல் தசைநார்களில் பிரச்சினை உள்ள 708 பேர். சிலருக்கு பிசியோதெரபிஸ்ட்டுடன் ஆறு தடவை வரை பயிற்சி. மற்றவர்களுக்கு ஒரே ஒரு சந்திப்பு, பிறகு கையேட்டையும் வீடியோவையும் பார்த்து வீட்டில் தாங்களே பயிற்சி. 12 மாதத்தில் பெரிய வித்தியாசமே இல்லை. வீடியோ கால் பற்றிய ஆய்வு அல்ல இது. ஆனாலும் நேரில் போகும் எண்ணிக்கையை வைத்து மட்டும் குணத்தை அளக்க முடியாது என்று நான் சொல்வது இதனால்தான்.

கேள்வி: கிளினிக்ல வலிக்கு அல்ட்ராசவுண்ட் மெஷின் வைப்பாங்களே, அது வீட்ல கிடையாதே?

பதில்: கவலையே வேண்டாம். தோள் வலிக்கு அதனால் பெரிய பலன் இருப்பதாக நல்ல ஆதாரம் இல்லை.

கேள்வி: அப்பா வழுக்கி விழுந்ததிலிருந்து கையைத் தூக்கவே முடியல. வீடியோல காட்டலாமா?

பதில்: கூடாது, இன்றே எலும்பு மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். தசைநார் கிழிந்திருக்கலாம், எலும்பு முறிந்திருக்கலாம். தோள் வீங்கிச் சிவந்து காய்ச்சல் வந்தாலும், கை மரத்துப்போனாலும் நேரில்தான். தோள் வலியோடு நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் வந்தால் அது இதயமாக இருக்கலாம். உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.

கேள்வி: வீடியோ கால்ல போனை எங்க வைக்கணும்?

பதில்: கையில் பிடிக்காமல் நெஞ்சு உயரத்தில் சாய்த்து வையுங்கள். தூக்கிய கை முழுக்கத் தெரியும் அளவுக்குத் தள்ளி நில்லுங்கள். கையில்லாத பனியன் நல்லது. முதுகைக் காட்டியும் ஒரு தடவை கையைத் தூக்குங்கள், தோள்பட்டை எலும்பு நகர்வதை நான் பார்க்க வேண்டும்.