அப்பாவின் குட்டி ரயிலும் ஒரு தகர உண்டியலும்

கேள்வி: என் அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குப் பின்னால் உள்ள தென்னந்தோப்பில் 7¼ அங்குல அகலத்தில் தண்டவாளம் போட்டு, ஆள் உட்கார்ந்து போகும் நீராவி ரயில் ஓட்டுகிறார். பாலம், சிக்னல், எஞ்சினைத் திருப்பும் டர்ன்டேபிள் எல்லாம் அவர் கை வேலை. கொதிகலன் சுமார் 20 லிட்டர். பாதையில் 12 மீட்டர் சித்தப்பா நிலத்தில் போகிறது. வாய்ப்பேச்சில் தந்த சம்மதம்தான். ஞாயிறன்று தெருப் பிள்ளைகள் ஏறிக்கொள்வார்கள். கரிச்செலவுக்கு உண்டியல் வைத்து, ‘தலைக்கு 20 ரூபாய்’ என்று எழுதியிருக்கிறார். போன மாதம் யாரும் இல்லாத நேரத்தில் ஒரு சிறுவன் டர்ன்டேபிளைச் சுற்றி விளையாடி விரல் நசுங்கிவிட்டது. அதிலிருந்து சித்தப்பா தண்டவாளத்தைப் பெயர்க்கச் சொல்கிறார். விசில், புகை என்று போலீஸில் மனுவும் கொடுத்துவிட்டார். ரயில் ஓட்ட லைசென்ஸ் வாங்கியிருக்க வேண்டுமா?
— வாசகர், திருச்சி மாவட்டம்

பதில்: ரயிலுக்கு வேண்டாம். 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டம் பொதுமக்களையும் சரக்கையும் ஏற்றிச் செல்லும் பாதைக்குத்தான். பொருட்காட்சி, பூங்கா போன்ற இடங்களில் பொழுதுபோக்குக்காக மட்டும் போட்ட தண்டவாளத்தை அதன் 2(31) பிரிவே விலக்கி வைத்திருக்கிறது.

கொதிகலனுக்கும் இப்போதைக்குக் கவலை இல்லை. 25 லிட்டருக்குக் குறைந்த கொள்ளளவு கொதிகலன் சட்டத்துக்குள் வராது. 1923-ஆம் ஆண்டுச் சட்டம் போய் 2025-இல் புதுச் சட்டம் வந்த பிறகும் அந்த வரம்பு அப்படியே இருக்கிறது. அப்பா அடுத்து இன்னும் பெரிய எஞ்சின் செய்யக் கிளம்பினால் (இந்த ஆசை உள்ளவர்கள் ஒன்றோடு நிறுத்துவதில்லை) அந்த எல்லையை முதலில் சொல்லி வையுங்கள். சட்டம் விலக்கு தருகிறதே என்று சோதனையை விட்டுவிடக் கூடாது. தண்ணீர் நிரப்பி, ஓடும் அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றிப் பார்த்து, தேதி போட்டு எழுதி வைக்கச் சொல்லுங்கள். நாளை ஏதாவது நடந்தால் கவனமாக இருந்தார் என்பதற்கு அந்த நோட்டுதான் சாட்சி.

விசில், புகை: குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் வைத்த அளவு. ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் ஓடும் ரயிலை இதை வைத்து நிறுத்துவது எளிதல்ல. ஊருக்கே தொல்லை என்றால் வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) மூலம் நடவடிக்கை எடுக்க முடியும். ஒரு வீட்டுக்கு மட்டும் தொல்லை என்றால் சித்தப்பா சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். ஆனாலும் வளைவுக்கு வளைவு விசில் ஊதுவது பணிமனைப் பழக்கம். சித்தப்பா வேலி ஓரத்திலாவது அதை விட்டுவிடலாம்.

அந்த 12 மீட்டர். வாய்மொழிச் சம்மதம் சட்டப்படி வெறும் அனுமதி, எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். அந்த அனுமதியை நம்பிச் செலவு செய்து நிரந்தரமான கட்டுமானம் செய்திருந்தால் மட்டும் திரும்பப் பெற முடியாது. 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு அது. கான்கிரீட் போட்டுப் பதித்திருந்தால் வாதாட இடம் உண்டு. ஜல்லி மேல் கட்டை வைத்து அடித்ததுதான் என்றால் உங்கள் பக்கம் பலவீனம். என்னைக் கேட்டால் இதற்காகப் பங்காளி வழக்கு வேண்டாம், பாதையை உள்ளே வளைத்துவிடுங்கள். வால்ட் டிஸ்னி 1950-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் வீட்டுத் தோட்டத்தில் இதே அகலத்தில் ரயில் விட்டபோது, பாதை உரிமைக்கென்று சொந்த மனைவி, மகள்களிடமே பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார். பாதி விளையாட்டுதான், ஆனாலும் எழுத்தில் இருந்தது. அந்த ரயிலை அவர் 1953-இல் நிறுத்தியது, தடம் புரண்டு ஒரு சிறுமிக்கு நீராவிச் சூடு பட்ட பிறகு.

உங்களுக்கும் உண்மையான ஆபத்து அங்கேதான், சித்தப்பா மனுவில் இல்லை. ‘பையன் கேட்காமல் உள்ளே வந்தான்’ என்று அப்பா சொல்வார். அயர்லாந்தில் ஒரு ரயில் கம்பெனி இதையே சொல்லிப் பார்த்தது. வேலி இடைவெளி வழியாகப் பிள்ளைகள் வந்து, பூட்டாமல் கிடந்த டர்ன்டேபிளில் விளையாடுவது கம்பெனிக்குத் தெரியும். ஒரு குழந்தைக்கு அடிபட்டது. கம்பெனிதான் பொறுப்பு என்று 1909-இல், அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை சொன்னது. நம் நீதிமன்றங்களும் இந்த வழியிலேயே யோசிக்கும். பிள்ளையைக் கவர்ந்திழுக்கும் ஆபத்தான பொருளை, பிள்ளைகள் வருவார்கள் என்று தெரிந்தே திறந்து வைத்தால், அத்துமீறல் என்ற பேச்சு செல்லாது.

ஆஸ்பத்திரிச் செலவை உடனே கொடுங்கள். ‘இனி உரிமை கோர மாட்டோம்’ என்று பெற்றோரிடம் வெள்ளைத்தாளில் எழுதி வாங்கிவிட்டால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். மைனரின் உரிமை அப்படிப் போகாது. காலக்கெடுச் சட்டப்படி அவன் மேஜரான பிறகுகூட, 21 வயது வரை வழக்குப் போடும் வாய்ப்பு இருக்கிறது. டர்ன்டேபிளுக்கு இன்றைக்கே பூட்டு, தோப்புக்கு வேலி.

அப்புறம் அந்த உண்டியல். அதைப் பார்த்தால் எனக்குப் பயம். இலவசம் என்றால் பாட்டி வீட்டு ஊஞ்சல் போல. ‘தலைக்கு 20 ரூபாய்’ என்று எழுதிய நொடியில் அது கட்டணம். நுகர்வோர் சட்டத்தில் இலவசச் சேவைக்கு உள்ள விலக்கு போய்விடும். பொதுமக்கள் கூடும் கேளிக்கை இடங்களுக்கு உரிமம் கேட்கும் 1888-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தை யாராவது தூசு தட்டி எடுப்பார்கள். மூன்றாம் நபர் காப்பீடு எடுத்தாலும், வீட்டு உபயோகம் என்று சொல்லி எடுத்ததைக் காசு வாங்கியதாகக் காட்டி நிராகரிக்க வழி கிடைக்கும். கரிச்செலவை அப்பா பென்ஷனிலேயே போடட்டும்.

போலீஸ் மனுவுக்கு சி.எஸ்.ஆர். (மனுவைப் பதிந்த ரசீது) போட்டிருந்தால் விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். பூட்டு, வேலி போட்ட பிறகு எடுத்த படங்களோடு போங்கள். அப்பாவைத் தனியாக அனுப்ப வேண்டாம். இன்ஸ்பெக்டர் கேட்காமலேயே ஞாயிற்றுக்கிழமை எத்தனை ட்ரிப், எத்தனை டிக்கெட் என்று பெருமையாகச் சொல்லிவிடுவார்.