கொடுத்த கையால் கணக்கும் கேட்கலாம்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறது. போன கோடையில் இளைஞர்கள் சேர்ந்து கண்மாயைத் தூர்வாரினோம். சிங்கப்பூரிலும் துபாயிலும் வேலை பார்க்கும் பையன்கள் பணம் அனுப்பினார்கள். ஊரில் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போட்டோம். சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்கி, வரத்துக்காலையும் சரிசெய்தோம். மழைக்குத் தண்ணீர் நின்றது. இந்தக் கண்மாய்க்கு அரசுப் பணம் ஏதும் வந்ததா என்று கிராம சபையில் கேட்டால், “அதான் நீங்களே செஞ்சிட்டீங்களே, அப்புறம் என்ன கணக்கு?” என்று வாயை அடைத்துவிட்டார்கள். இப்போது வெளியூரில் தொழில் செய்யும் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் தண்ணீர் திறந்துவிடும் மடையையும் மிகுநீர் வழியும் கலுங்கையும் தன் செலவில் கட்டித் தருகிறேன், அப்பா பெயரைப் பொறிக்க வேண்டும் என்கிறார். எல்லாவற்றையும் நாமே செய்தால் அரசு எதற்கு, இனி ஒரு ரூபாய் கொடுக்காதே என்று நண்பன் சண்டை போடுகிறான். நாங்கள் செய்வது சரிதானா?

செ.

அன்புள்ள செ.,

தண்ணீர் நின்றது என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் மனம் நிறைந்தது. உங்கள் நண்பரின் கோபம் நியாயமானது, ஆனால் கொடுக்காதே என்று அவர் சொல்வதை நான் ஏற்கவில்லை. உங்கள் வாயை அடைத்தது நீங்கள் கொடுத்த பணம் என்று அவர் நினைக்கிறார். கொடுத்ததோடு நிறுத்திக்கொண்டதுதான் அடைத்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

ராஜஸ்தானில் நடந்ததைச் சொல்கிறேன். அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோர் அங்குள்ள கூலித் தொழிலாளர்களோடும் சிறு விவசாயிகளோடும் சேர்ந்து 1990 மே 1 அன்று மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பைத் தொடங்கினார்கள். வறட்சி நிவாரண வேலைக்குப் போனவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலிகூடக் கிடைக்கவில்லை. ஏன் என்று கேட்டால், வேலை அவ்வளவுதான் நடந்ததாகப் பதிவேட்டில் இருக்கிறது என்றார்கள். பதிவேட்டைக் காட்டு என்றால் அது அரசு ரகசியம். 1994 டிசம்பரில் பாலி மாவட்டம் கோட் கிரானாவில் முதல் மக்கள் விசாரணை நடந்தது. எப்படியோ கிடைத்த கணக்குகளை ஊர் நடுவே உரக்கப் படித்தார்கள். எந்த வேலைக்கு யார் பெயரில் எவ்வளவு கூலி எழுதியிருக்கிறது என்று வரிவரியாகப் படிக்கப் படிக்க, அந்தப் பெயர்காரர்களே எழுந்து, நான் அந்த வேலைக்குப் போகவே இல்லை என்று மைக்கில் சொன்னார்கள். முடிந்துவிட்டதாகக் கணக்கில் எழுதியிருந்த கட்டடம் கூரையில்லாமல் அந்த ஊரிலேயே நின்றது.

1995 ஏப்ரலில் முதலமைச்சர் பைரோன் சிங் ஷெகாவத், பஞ்சாயத்துச் செலவுக் கணக்கின் நகலை மக்களுக்குத் தருவோம் என்று சட்டமன்றத்தில் உறுதி கொடுத்தார். ஓராண்டு ஓடியும் உத்தரவு வரவில்லை. 1996 ஏப்ரல் 6 அன்று பியாவர் நகரில் தர்ணா தொடங்கியது. 40 நாள். அத்தனை பேருக்கும் சோறு போட்டது யார்? கிராமத்துக் குடும்பங்கள் வீட்டுத் தானியத்தை அளந்து கொடுத்தன. சந்தைக் காய்கறிக் கடைக்காரர்கள் காய் கொடுத்தார்கள். அன்றாடம் கூலிக்குப் போகிறவர்கள் கூலியை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். “ஹமாரா பைசா, ஹமாரா ஹிசாப்” என்ற முழக்கம் அங்கே எழுந்தது. எங்கள் பணம், எங்கள் கணக்கு. 2005-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் அடியில் அந்தத் தானியமும் காய்கறியும் இருக்கின்றன. பெரிய நிறுவனம் எதுவும் அதற்கு மானியம் தரவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. கொடை என்பது அரசு விட்ட ஓட்டையை அடைக்க மட்டும்தான் என்று நாம் பழகிவிட்டோம். அவர்கள் கேள்வி கேட்பதற்காகக் கொடுத்தார்கள்.

கென்யாவில் கதை வேறு திசையில் போயிற்று. 1963-இல் விடுதலை கிடைத்ததும் ஜோமோ கென்யாட்டா ‘ஹராம்பே’ என்று அழைத்தார். எல்லோரும் சேர்ந்து இழுப்போம் என்ற அழைப்பு அது. மக்கள் பணமும் உழைப்பும் போட்டு ஊர் ஊராகப் பள்ளிகளும் மருந்தகங்களும் கட்டினார்கள். பிறகு அரசியல்வாதிகள் மேடையேறினார்கள். வசூல் கூட்டத்தில் யார் பெரிய தொகை கொடுக்கிறார் என்பது தேர்தலில் எண்ணப்பட்டது. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்க ஆளில்லை. பொதுப் பதவியில் இருப்பவர்கள் பதவியைக் காட்டி ஹராம்பே வசூலிப்பதைத் தடுக்க 2003-இல் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் ஓயவில்லை. 2024 ஜூனில் இளைஞர்கள் வீதியில் இறங்கிய பிறகு, அரசுப் பதவியாளர்கள் ஹராம்பேயில் பங்கேற்கக் கூடாது என்று அதிபர் ரூட்டோ அறிவித்தார். நல்ல வழக்கம்தான். கணக்குக் கேட்கும் வழக்கம் அதோடு சேராததால் கொடுத்தவர் முதலாளியாகிவிட்டார்.

அதனால் உங்கள் ஊர்க்காரரின் பணத்தை வாங்குவதா வேண்டாமா என்பதற்கு முன்னால், உங்கள் தலைக்கட்டு வரியைப் பாருங்கள். யாரிடம் வாங்கினீர்கள்? நம் ஊர்களில் வரி கொடுப்பவர் என்றால் கல்யாணமான ஆண். கணவனை இழந்தவர்களுக்குப் பல ஊர்களில் பாதி வரி. கண்மாய்க்கு அந்தப் பக்கம் இருக்கும் காலனிக்குப் பெரும்பாலும் வரியே கிடையாது. அதைச் சலுகை என்று சொல்வார்கள். வரி இல்லாதவருக்கு ஊர்க்கூட்டத்தில் பேச்சும் இல்லை என்பதை யாரும் சொல்வதில்லை. கூலிக்கு மண் சுமந்த பெண்களுக்கும், ஆடு மாடு தண்ணீர் குடிக்க வருகிறவர்களுக்கும் அந்தக் கண்மாய் சொந்தம். கிராம சபையில் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும், பேசலாம். உங்கள் வரவுசெலவை ஊர்க்கூட்டத்தில் மட்டும் வைத்திருந்தால், கிராம சபையிலும் படியுங்கள். ஜேசிபிக்கு மணிக்கு எவ்வளவு, டீசல் எவ்வளவு, யார் எவ்வளவு அனுப்பினார்கள், எல்லாம். தன் கணக்கை விரித்து வைத்தவனிடம் ‘உனக்கென்ன கணக்கு’ என்று யாரும் கேட்க முடியாது.

அடுத்து, அரசுப் பணம். ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், 40 ஹெக்டேருக்கு உட்பட்ட கண்மாய் என்றால் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு, அதற்கு மேல் என்றால் நீர்வளத் துறை. எது என்று பார்த்து, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். கடந்த ஐந்தாண்டில் இந்தக் கண்மாயில் நடந்ததாகக் காட்டிய வேலைகளின் மதிப்பீடு, வேலையை அளந்து பதியும் எம்-புக்கின் நகல், பணம் பட்டுவாடா ஆன விவரம் கேளுங்கள். நேரில் வேலையைப் பார்வையிடவும் பொருளின் மாதிரி எடுக்கவும் சட்டத்தின் 2(ஜே) பிரிவு இடம் தருகிறது, பலருக்கு இது தெரியாது. நீங்கள் வாரிய அதே இடத்தை அவர்களும் வாரியதாகக் கணக்கு இருக்கிறதா என்பது அதில் தெரிந்துவிடும். சும்மா சந்தேகப்படச் சொல்லவில்லை. இல்லையென்றால் இல்லை என்று ஊருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

இதைத் தள்ளிப்போடாதீர்கள். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தியது; அந்தத் திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. தனிநபர் விவரமானாலும் பொதுநலன் கருதித் தரலாம் என்று அந்தப் பிரிவில் இருந்த வாசகம் போய்விட்டது. கோட் கிரானாவில் உரக்கப் படித்தது பெயர்களைத்தான். பெயரை மறைத்துவிட்டால் எந்தப் போலியை யார் எழுந்து மறுப்பது? இது எனக்குப் பெரிய கவலை.

மடைக்கும் கலுங்குக்கும் அவர் தருகிற பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள். கண்மாய் யார் பொறுப்போ அந்தத் துறைப் பொறியாளரின் மதிப்பீடு இல்லாமல் கலுங்கில் கை வைக்க வேண்டாம். உயரம் ஒரு அடி மாறினாலும் அடுத்த கண்மாய்க்காரர்களோடு வம்பு வரும். பணம் ஊராட்சி வழியாகவே போகட்டும், நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் பங்காகச் சேர்க்க முடியுமா என்று வட்டார வளர்ச்சி அலுவலர் (பிடிஓ) அலுவலகத்தில் விசாரியுங்கள். நாம் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும், அவர் பணத்தில் வேறொரு மடையும் ஆகும். கல்வெட்டில் அவருடைய அப்பா பெயர் இருக்கட்டும். அதே கல்லில் மொத்தச் செலவும், அரசு போட்டது எவ்வளவு, மக்கள் போட்டது எவ்வளவு என்பதும் இருக்க வேண்டும். இதற்கு அவர் சம்மதிப்பாரா என்று முதலில் கேளுங்கள்.

மனுவுக்கு 30 நாளில் பதில் வர வேண்டும். வந்ததும் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். நண்பரையும் கூட்டிக்கொண்டு போய் மனுக் கொடுங்கள். கேள்வி அவருடையதுதானே.

அன்புடன்.