வீட்டுக்கல்விக்குப் பாடத்திட்டம் வாங்கப்போகிறீர்களா? கேள்வி-பதில்

கேள்வி: மகன் தரம் 4. அடுத்த வருடத்திலிருந்து வீட்டில் வைத்தே படிப்பிக்க யோசிக்கிறோம். ஒருவர் அமெரிக்கப் பாடத்திட்டமொன்றை வருடம் முழுவதுக்கும் சேர்த்து ஒரே பெட்டியாகத் தருகிறேன் என்கிறார். 'அங்கீகாரம் பெற்றது' என்றும் சொல்கிறார். வாங்கலாமா? (வெள்ளவத்தை)

பதில்: பெட்டியாக வாங்க வேண்டாம். அமெரிக்காவில் அங்கீகாரம் கிடைப்பது பாடசாலைகளுக்கு. புத்தகக் கட்டுக்கு அல்ல. எந்த நிறுவனம் யாருக்கு அங்கீகாரம் கொடுத்தது என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம்.

ஒரே பிள்ளை கணிதத்தில் ஒரு தரம் முன்னால், ஆங்கில வாசிப்பில் ஒரு தரம் பின்னால் நிற்பது சாதாரணம். பெட்டி எல்லாப் பாடத்தையும் ஒரே தரத்தில் கட்டித் தருவதால் பாதிப் புத்தகம் திறக்கப்படாமலே கிடக்கும். சக்ஸன், சிங்கப்பூர்க் கணிதம் என்ற இரண்டு கணிதப் பாடத்திட்டங்களுக்குமே மட்டம் பார்க்கும் சோதனைத்தாள் இணையத்தில் இலவசம். பக்கத்தில் இருந்து உதவாமல் பிள்ளையைச் செய்யவிட்டு, அந்த முடிவின்படி கணிதத்தை மட்டும் முதலில் வாங்குங்கள். ஒரு தவணை ஓடிய பிறகு மற்றவற்றைப் பார்க்கலாம்.

சக்ஸனில் 5/4 என்று அட்டையில் இருந்தால் சராசரி ஐந்தாம் தரப் பிள்ளைக்கு, அல்லது கெட்டிக்கார நாலாம் தரப் பிள்ளைக்கு என்று பொருள். 120 பாடங்கள். பாடநூல், சோதனைத்தாள், விடைவிளக்கம் என மூன்று புத்தகங்கள் சேர்ந்ததுதான் முழுத் தொகுதி. மலிவாகக் கிடைப்பதில் பெரும்பாலும் விடைவிளக்கம் இருக்காது, அது இல்லாமல் மாலையில் திருத்த உட்காரும் தாய்தான் எல்லாக் கணக்கையும் செய்ய வேண்டிவரும். இன்னொன்று, அதில் அங்குலம், இறாத்தல், கலன் போன்ற அமெரிக்க அளவுகள் நிறைய வரும். சென்றிமீற்றரும் லீற்றரும் பழகிய பிள்ளைக்கு இது வீண் சுமை. அபேகா என்ற அமெரிக்கப் பாடத்திட்டத்தை எடுத்தால் விஞ்ஞானமும் வரலாறும் கிறிஸ்தவ நம்பிக்கையின் அடிப்படையில் எழுதப்பட்டவை. உங்கள் வீட்டுக்கு அது சரியா என்பதை மாதிரிப் பக்கங்களைப் பார்த்து முடிவெடுங்கள்.

இந்த வயதுக்கு அடித்தளமாகக் காசில்லாமலே ஒன்று இருக்கிறது: கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தமிழ்ப் பாடநூல்கள். அவர்களுடைய தளத்திலேயே தரவிறக்கலாம். மகரகம தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டிகளும் அப்படியே. வழிகாட்டியை விட்டுவிடாதீர்கள். ஒரு பாடத்தை எத்தனை பாடவேளையில், எந்தச் செயற்பாட்டோடு முடிப்பது என்பது அதில்தான் இருக்கிறது. கல்விச் சீர்திருத்தம் தரம் தரமாக வந்துகொண்டிருப்பதால் பதிப்பாண்டைப் பார்த்துவிட்டு அச்செடுங்கள்.

பாடசாலையை விட்டு எடுக்கும் முன் விடுகைப் பத்திரத்தையும் முன்னேற்ற அறிக்கைகளையும் கையில் வாங்கிவிடுங்கள். 2016இலிருந்து கட்டாயக் கல்வி வயது 5 முதல் 16 வரை. வலயக் கல்வி அலுவலகத்தில் கதைத்து, படிப்பித்ததற்கான பதிவுகளைத் திகதியோடு வைத்திருப்பது நல்லது.

கேள்வி: மகளுக்கு 13 வயது. லண்டன் ஓ.எல், கேம்பிரிஜ், உள்ளூர் ஓ.எல் மூன்றில் எதற்குப் புத்தகம் வாங்குவது? (தெஹிவளை)

பதில்: பரீட்சையை முதலில் தீர்மானியுங்கள், புத்தகம் தானாக வரும். கொழும்பு, மொரட்டுவை போன்ற அரச பல்கலைக்கழகம்தான் குறி என்றால் உள்ளூர் ஏ.எல், இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் தரப்படுத்திய புள்ளி) என்ற பாதை. அதற்கு உள்ளூர் ஓ.எல்லிலிருந்தே போவது சுலபம். ஒன்பது பாடங்கள், அவற்றில் ஆறு கட்டாயம்: சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு. தனிப்பட்ட பரீட்சார்த்தியாகவும் தோற்றலாம்.

வெளிநாடு, அல்லது இங்குள்ள தனியார் பட்டப்படிப்பு என்றால் மற்ற இரண்டும் சரி. வீட்டிலிருந்து எழுதுகிற பிள்ளைக்கு எட்எக்ஸல் (லண்டன் ஓ.எல் என்று நாம் சொல்வது) கொஞ்சம் லேசு என்பது என் எண்ணம். காரணம் பாடத்தின் தரமல்ல, செய்முறைப் பரீட்சை. எட்எக்ஸல் இரசாயனவியல், பௌதிகவியல், உயிரியலில் தனிச் செய்முறைத்தாள் கிடையாது. செய்முறைக் கேள்விகள் எழுத்துத்தாளுக்குள்ளேயே வரும். கேம்பிரிஜில் தாள் 5 ஆய்வுகூடத்தில் செய்வது, தாள் 6 அதற்குப் பதிலாக எழுதுவது. வீட்டுப் பிள்ளை தாள் 6 எடுப்பதுதான் வழக்கம். ஆனால் திரவம் அளக்கும் அளவியைக் கண்ணாலும் காணாத பிள்ளை அதன் வாசிப்பை எழுதும்போது புள்ளியை இழக்கும். இரண்டில் எதை எடுத்தாலும் சில நாட்களாவது ஆய்வுகூடமுள்ள ரியூட்டரி ஒன்றில் செய்முறை வகுப்புக்கு அனுப்புங்கள்.

ஆங்கிலத்தில் எட்எக்ஸலின் மொழி பி மூன்று மணிநேர ஒரே தாள். மொழி ஏயில் ஒப்படைத் தெரிவு ஒன்று இருக்கிறது. அதைத் தொடாமல் தாள் 2ஐப் பதியுங்கள். ஐ.சி.ரி (தகவல் தொழினுட்பம்) இரண்டு பரீட்சைச் சபைகளிலும் கணினியில் செய்யும் தாள்களைக் கொண்டது. அதற்கு வசதி தருவார்களா என்று பரீட்சை நிலையத்தில் கேட்ட பிறகே புத்தகம் வாங்குங்கள்.

தனிப்பட்ட பரீட்சார்த்திகளைக் கொழும்பில் பிரிட்டிஷ் கவுன்சில் பதிகிறது. கட்டணம் பாடவாரியாக. மே-ஜூன் பரீட்சைக்கான பதிவு மாதக்கணக்கில் முந்தியே மூடிவிடும், பிந்தினால் மேலதிகக் கட்டணம் ஏறும்.

கேள்வி: பழைய புத்தகக் கடையில் பாதி விலைக்குக் கிடைக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது? (கொட்டாஞ்சேனை)

பதில்: அட்டையின் அழகை விட்டுவிட்டு இலக்கத்தைப் பாருங்கள். எட்எக்ஸல் கணிதம் ஏக்கு இப்போதைய குறியீடு 4எம்ஏ1. கடைசியில் 0 இருந்தால் அது ஏ முதல் ஜி வரை தரமிட்ட பழைய திட்டம். இரசாயனவியல், உயிரியலுக்கும் இதே கதைதான். கேம்பிரிஜ் கணிதத்தில் 0580 என்ற இலக்கம் மாறவில்லை, உள்ளே மாறிவிட்டது: 2025 பரீட்சையிலிருந்து ஒரு தாளைக் கணிப்பான் இல்லாமல் எழுத வேண்டும். அதற்கு முந்திய புத்தகமும் பாஸ் பேப்பர் தொகுப்பும் பயிற்சிக்கு உதவும், ஆனால் அதையே நம்பிப் போன பிள்ளை முதல் தாளில் திணறும். கணிதத்தில் கோட்பாட்டுப் புத்தகம் பழையதாக இருந்தாலும் பாஸ் பேப்பர் புதிதாக இருக்கட்டும். பென்சிலால் விடை எழுதிய பயிற்சிப் புத்தகத்தை வாங்காதீர்கள், எவ்வளவு அழித்தாலும் பிள்ளைக்குத் தடம் தெரியும்.

கேள்வி: ஆங்கில மூலம் படிக்கும் பிள்ளைக்குத் தமிழ்? (பம்பலப்பிட்டி)

பதில்: எந்த வெளிநாட்டுப் பெட்டியிலும் அது வராது. அரச தமிழ்ப் பாடநூலை ஒரு தரம் கீழிருந்து தொடங்குங்கள். நாளுக்கு ஒரு பக்கம் உரத்து வாசிப்பு, பத்து வரி சொல்வதெழுதல். இதற்குத் தனியாகப் பாடநெறி வாங்குவது காசைக் கரைப்பது.

கேள்வி: வருடச் சந்தா கட்டிய இணையப் பாடநெறி பாதியில் நின்றுவிட்டது. பணம் திரும்புமா? (வத்தளை)

பதில்: வெளிநாட்டு நிறுவனமென்றால் முதலில் அவர்களுக்கு மின்னஞ்சல், அதே நாளில் வங்கியின் அட்டைப் பிரிவுக்கு எழுத்தில் முறைப்பாடு. தானாகப் புதுப்பிக்கும் தெரிவையும் நிறுத்திவிடுங்கள். உள்ளூர் விற்பனையாளர் என்றால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை, தொலைபேசி இலக்கம் 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி முறைப்பாடு எழுத்தில் போக வேண்டும், வாங்கி மூன்று மாதத்துக்குள். பற்றுச்சீட்டு இல்லாமல் இந்த வழி சிரமம். கேட்டால் தர வேண்டியது வியாபாரியின் கடமை, வட்ஸ்அப்பில் பணம் வாங்கியவராக இருந்தாலும் கேட்டு வாங்குங்கள்.