நடை தளர்ந்தால் வயதைப் பழிக்காதீர்கள்: முதியோர் நலம் கேள்வி பதில்

கேள்வி: டில்லி மயூர் விஹாரில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். என் மாமியாருக்கு 74 வயது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். போன ஜனவரியில் காய்ச்சலில் பத்து நாள் படுத்தவர், அதன்பின் கீழே இறங்குவதே இல்லை. 54 கிலோ இருந்தவர் இப்போது 50. இரவில் கஞ்சி மட்டும். “வயசானா இப்படித்தான்” என்கிறார். அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: விடவே கூடாது. முயலாமலே ஓராண்டுக்குள் எடையில் 5 சதவீதம் குறைந்தாலே காரணம் தேட வேண்டும். அவருக்கு 7 சதவீதத்துக்கு மேல் குறைந்திருக்கிறது. தைராய்டு, சர்க்கரை அளவு, காசம், புற்று, மனச்சோர்வு, பொருந்தாத பல் செட் என எல்லாவற்றையும் மருத்துவர் பார்க்கட்டும். மெட்ஃபார்மின் சிலருக்குப் பசியைக் குறைக்கும். பல வருடம் சாப்பிட்டால் பி12 சத்தும் குறையலாம். அதையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

உடல் நலிவைக் கணிக்க மருத்துவர்கள் ஐந்து அடையாளங்களைப் பார்ப்பார்கள்: எடை இழப்பு, ஓயாத களைப்பு, கைப்பிடித் தளர்வு, மெதுவான நடை, நடமாட்டக் குறைவு. மூன்று இருந்தால் நலிவு. ஒன்றிரண்டு என்றால் அதற்கு முந்தைய கட்டம். உங்கள் கடிதத்திலேயே இரண்டு தெரிகின்றன. நடையை வீட்டிலேயே அளக்கலாம். தரையில் 4 மீட்டருக்குக் குறியிட்டு, அதற்கு இரண்டடி முன்பிருந்தே வழக்கம்போல நடக்கச் சொல்லுங்கள். குறிகளுக்கு இடையே 5 விநாடிக்கு மேல் ஆனால் நடை மெதுவாகிவிட்டது என்று பொருள்.

இந்த வயதில் பத்து நாள் படுக்கையே கால் தசையைக் கரைத்துவிடும். அது தானாகத் திரும்பாது. பலம் குறைந்ததால் படிக்கட்டு பயம், இறங்காததால் பசி மந்தம், சாப்பிடாததால் இன்னும் பலக்குறைவு. நவம்பர் புகைமூட்டமும் ஜனவரிக் குளிரும் டில்லி முதியவர்களை மாதக்கணக்கில் அறைக்குள் அடைத்துவிடுகின்றன. “அம்மா ரெஸ்ட் எடுக்கட்டும்” என்று பாசத்தோடு சொல்வதும் இங்கே கெடுதல்தான்.

சாப்பாட்டில் முதலில் மாற வேண்டியது இரவுக் கஞ்சி. 50 கிலோ எடைக்கு நாளுக்கு 50 முதல் 60 கிராம் புரதம் வேண்டும்; ஒரு கிண்ணம் கஞ்சியில் சில கிராம்தான் தேறும். 50 கிராம் பனீரில் சுமார் 9, ஒரு டம்ளர் பாலில் 6, ஒரு முட்டையில் 6, 30 கிராம் பருப்பிலோ வேர்க்கடலையிலோ 7 கிராம் கிடைக்கும். மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுங்கள். நீர்த்த சாம்பாரைப் பருப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள். சர்க்கரைக்குப் பயந்து சோற்றைக் குறைத்துவிட்டு, ஈடாக எதுவும் வைக்காமல் விடுவது பல வீடுகளில் நடக்கும் தவறு. சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் மருத்துவரிடம் கேட்டுப் புரதத்தைக் கூட்டுங்கள்.

நடை மட்டும் போதாது, தசைக்கு வேலை வேண்டும். சுவரோடு ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்து எழுவதை ஒரு தடவைக்கு ஐந்து முறை, காலையும் மாலையும். முதலில் கையை ஊன்றலாம். பழகியதும் கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழட்டும், எண்ணிக்கை பத்தாகட்டும். சமையல் மேடையைப் பிடித்துக் குதிகாலைப் பத்து முறை உயர்த்தலாம். அடுத்த வாரம் துணையோடு, கைப்பிடியைப் பிடித்து, ஒரே ஒரு மாடி இறங்கி ஏறட்டும். நெஞ்சுவலி, தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 79 வயது, தினம் ஏழு மாத்திரைகள். எழுந்தால் தள்ளாடுகிறார். மாத்திரைதான் காரணமா?

பதில்: இருக்கலாம். ஐந்துக்கு மேல் போனாலே கவனம் தேவை. ரத்த அழுத்தம், புராஸ்டேட், தூக்கம் ஆகியவற்றுக்கான மருந்துகளைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஐந்து நிமிடம் படுக்கவைத்து பிபி பாருங்கள். எழுந்து நின்ற 1, 3 நிமிடங்களில் மறுபடி பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அந்தக் குறிப்போடு, வலி மாத்திரை, லேகியம் உட்பட எல்லா மருந்தையும் ஒரே பையில் போட்டு ஒரே மருத்துவரிடம் காட்டுங்கள். எய்ம்ஸில் முதியோர் மருத்துவத்துக்கென்றே தனித்துறை உண்டு. நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். குறிப்பாகத் தூக்க மாத்திரையைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.